எக்ஸ்எம்எல் கோப்பில் கிரெப் போட்டால் கணக்கு ஏன் உதைக்கிறது?

கேள்வி: ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். படித்தது பி.காம்., லினக்ஸ் நானாகக் கற்றுக்கொண்டது. எங்கள் கிளையன்ட்கள் மாதாமாதம் தங்கள் கணக்கு மென்பொருளிலிருந்து வவுச்சர்களை எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து அனுப்புகிறார்கள். மூன்று வருடத்துக் கோப்புகள் ஒரே ஃபோல்டரில் கிடக்கின்றன. ஒரு பார்ட்டியின் மொத்தம் வேண்டுமென்றால் கிரெப் போட்டுப் பெயரைத் தேடி, அடுத்து வரும் சில வரிகளை எடுத்து, ஆக் கட்டளையில் கூட்டுகிறேன். சில பார்ட்டிகளுக்கு லெட்ஜரைவிடக் குறைவாக வருகிறது, சிலருக்கு இரட்டிப்பாக வருகிறது. சில கோப்புகளில் பெயர் கண்ணுக்குத் தெரிகிறது, கிரெப்புக்குக் கிடைக்கவில்லை. ஒரு கோப்பை, எக்ஸ்எம்எல்லைச் சரிபார்க்கும் கருவியான எக்ஸ்எம்எல்லின்ட் படிக்கவே மறுக்கிறது. வவுச்சருக்கு ஒரு கோப்பு என்று பிரித்து வைத்தால் சரியாகுமா? இல்லை, டேட்டாபேஸ், பைத்தான் என்று போய்த்தான் ஆக வேண்டுமா?

பதில்: வணக்கம். இப்போதைக்கு டேட்டாபேஸ் வேண்டாம், பைத்தானும் வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் கருவிகளே போதும். அவற்றை ஓட்டும் வரிசையைத்தான் மாற்ற வேண்டும். எக்ஸ்எம்எல் என்பது மரம், கோணக்குறிக்குள் எழுதும் டேக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிளை பிரியும். கிரெப், எழுத்தை மாற்றவும் நீக்கவும் உதவும் செட், ஆக் மூன்றுக்கும் வரி மட்டும்தான் தெரியும், மரம் தெரியாது. முதலில் மரத்தை வரியாக மாற்றிக்கொடுங்கள், பிறகு அவற்றை விடுங்கள். நீங்கள் இரண்டாவது வேலையை முதலில் செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். (இந்தப் பதிலில் ‘வரி’ என்று வரும் இடமெல்லாம் கோப்பில் இருக்கும் வரி. உங்கள் அலுவலகத்து வரி அல்ல.)

நீங்கள் அனுப்பிய மாதிரியைச் சுருக்கி, டேக் பெயர்களைத் தமிழாக்கிக் கீழே தருகிறேன். தமிழ் டேக் வைப்பதும் எக்ஸ்எம்எல் விதிப்படி சரிதான். 1998 பிப்ரவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட முதல் பதிப்பிலேயே அதற்கு இடம் இருந்தது.

<வவுச்சர்>
  <எண்>214/24-25</எண்>
  <பதிவு>
    <லெட்ஜர்>நூல்கடை</லெட்ஜர்>
    <தொகை>-10500.00</தொகை>
    <பில்>
      <தொகை>-10500.00</தொகை>
    </பில்>
  </பதிவு>
  <பதிவு>
    <லெட்ஜர்>விற்பனை</லெட்ஜர்>
    <தொகை>10000.00</தொகை>
  </பதிவு>
  <பதிவு>
    <லெட்ஜர்>ஜிஎஸ்டி</லெட்ஜர்>
    <தொகை>500.00</தொகை>
  </பதிவு>
</வவுச்சர்>

நூல்கடையின் பற்று 10,500 ரூபாய். ஆனால் ‘தொகை’ என்ற டேக் அந்தப் பதிவுக்குள் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று பதிவின் தொகை. மற்றது அதே பணம் எந்த பில்லுக்குப் போனது என்று காட்டும் உள்தொகை. கிரெப்புக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டையும் எடுத்துக் கொடுக்கும். இரட்டிப்பு அங்கேதான் வருகிறது.

குறைவது வேறு காரணத்தால். நீங்கள் அனுப்பியதில் இரண்டாவது கோப்பில் வரிமுறிவே கிடையாது, மொத்தக் கோப்பும் ஒரே நீண்ட வரி. எக்ஸ்எம்எல்லில் இதுவும் சரிதான். டேக்குகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும் வரிமுறிவும் பெரும்பாலும் அழகுக்காகப் போடுவது. அந்தக் கோப்பில் கிரெப்பை எண்ணச் சொன்னால் 1 என்றுதான் சொல்லும், ஏனென்றால் அது பொருந்திய வரிகளை எண்ணுகிறது, பொருந்திய இடங்களை அல்ல. உங்கள் ஆக் கட்டளையும் அந்த வரியில் முதலில் கண்ட தொகையை எடுத்துக்கொண்டு மீதி முழுவதையும் விட்டுவிட்டது. கிளையன்ட்டின் மென்பொருள் பதிப்பு மாறினால் வரிமுறிவும் மாறும். போன மாதம் சரியாக வந்த கட்டளை இந்த மாதம் சத்தமில்லாமல் தப்புக் கணக்குக் கொடுக்கும். எனக்குக் கவலையாக இருப்பது இதுதான். பிழைச்செய்தி எதுவும் வராது, ஒரு தொகை வரும், அது பார்ப்பதற்கு நம்பும்படியாகவும் இருக்கும்.

மரத்தை வரியாக்க எனக்குப் பிடித்த கருவி எக்ஸ்எம்எல்2. டெபியன், உபுண்டு இரண்டிலும் அதே பெயரில் கிடைக்கிறது. கோப்பை அதற்குள் செலுத்தினால், மேலே உள்ள வவுச்சர் இப்படி வெளியே வரும் (மேல் உறையையும் மற்ற பதிவுகளையும் விட்டுவிட்டேன்):

/வவுச்சர்/எண்=214/24-25
/வவுச்சர்/பதிவு/லெட்ஜர்=நூல்கடை
/வவுச்சர்/பதிவு/தொகை=-10500.00
/வவுச்சர்/பதிவு/பில்/தொகை=-10500.00

இரண்டு தொகையும் இப்போது ஒன்றல்ல என்பது கண்ணுக்கே தெரிகிறது. ஒவ்வொரு மதிப்பும் தன் முழு முகவரியோடு தனி வரியில் நிற்கிறது, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போல. இந்த வெளியீட்டின் மேல் கிரெப் போடுங்கள், தப்பு நடக்காது. மூலக்கோப்பு ஒரே வரியாக இருந்தாலும் நூறு வரியாக இருந்தாலும் வெளியீடு ஒன்றுபோலவே இருக்கும். புதிதாக ஒரு கிளையன்ட்டின் கோப்பு வந்தால் நான் முதலில் செய்வது இதுதான். சமக்குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு, மிஞ்சும் முகவரிகளை, வரிசைப்படுத்தும் சார்ட், ஒரே மாதிரியானவற்றை எண்ணும் யூனிக் என்ற இரண்டு கட்டளைகள் வழியாக எண்ணிப் பார்ப்பேன். எந்த டேக் எங்கே எத்தனை தடவை வருகிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மரத்துக்குள் இறங்கிப் பார்க்க ஆசையாக இருந்தால், உங்களிடம் ஏற்கனவே இருக்கும் எக்ஸ்எம்எல்லின்ட்டை ‘ஷெல்’ என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள். ஃபோல்டரில் புழங்கும் அதே கட்டளைகள் எக்ஸ்எம்எல்லுக்கு உள்ளே வேலை செய்யும். சிடி போட்டால் ஒரு கிளைக்குள் போகலாம், எல்எஸ் போட்டால் அதன் பிள்ளைகள் தெரியும், கேட் போட்டால் அந்தக் கிளை முழுவதும் திரையில் விரியும், பிடபிள்யூடி நிற்கும் இடத்தைச் சொல்லும். நேராக //வவுச்சர் என்று சிடி கொடுத்தால் உள்ளே விடாது. இத்தனை கிளைகள் இருக்கின்றன என்று எண்ணிக்கையைச் சொல்லி மறுக்கும். அந்த எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள், டே புக்கில் உள்ள வவுச்சர் எண்ணிக்கையோடு ஒப்பிட உதவும். கட்டளைகளைக் கற்றுக்கொடுக்கும்போது நான் எப்போதும் இங்கிருந்துதான் தொடங்குவேன். எக்ஸ்பாத் என்ற முகவரி மொழி யூனிக்ஸின் ஃபோல்டர் பாதையைப் போலவே சாய்கோட்டில் எழுதப்படுகிறது. இரண்டு புள்ளி வைத்தால் அங்கேயும் ஒரு படி மேலே என்றுதான் பொருள். நீங்கள் பாதி மொழியை ஏற்கனவே அறிந்தவர்.

அன்றாட வேலைக்கு எக்ஸ்எம்எல்ஸ்டார்லெட் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘செல்’ என்ற துணைக்கட்டளை, சொன்ன கிளைகளை மட்டும் பொறுக்கி அட்டவணையாகத் தரும். உங்களுக்கு வேண்டிய முகவரி //வவுச்சர்/பதிவு. ஒவ்வொரு பதிவிலும் மூன்று மதிப்புகளைக் கேளுங்கள்: ../எண், லெட்ஜர், தொகை. நடுவே டேப் வைத்து அச்சிடச் சொல்லுங்கள். பில்லுக்குள் இருக்கும் தொகை இதில் வராது, ஏனென்றால் நீங்கள் கேட்டது பதிவின் நேர்ப்பிள்ளையை மட்டும்தான். நூல்கடை மட்டும் போதுமென்றால் //பதிவு[லெட்ஜர்='நூல்கடை'] என்று சதுர அடைப்புக்குள் நிபந்தனை வையுங்கள். பெயருக்கு முன்பின் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும் கோப்புகளும் உண்டு. நிபந்தனை ஒன்றுமே கண்டுபிடிக்கவில்லை என்றால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். அடுத்து நேம்ஸ்பேஸைப் பாருங்கள், டேக்குகள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று சொல்லும் அறிவிப்பு அது. மேல் டேக்கில் அது முன்னொட்டு இல்லாமல் அறிவிக்கப்பட்டிருந்தால், முன்னொட்டு இல்லாமல் எழுதிய முகவரி வெறுங்கையோடுதான் திரும்பும்.

கூட்டலை ஆக் செய்யட்டும். அதிலும் இரண்டு குழிகள் இருக்கின்றன. தொகை 1,25,000.00 என்று காற்புள்ளியோடு வந்திருந்தால், ஆக் முதல் காற்புள்ளியோடு நின்றுவிடும், ஒண்ணேகால் லட்சம் ஒரு ரூபாயாகக் கூடும். காற்புள்ளிகளை நீக்கிவிட்டுக் கூட்டுங்கள். இரண்டாவது, பைசாவோடு வரும் பெரிய மொத்தத்தை வெறும் ‘பிரின்ட்’ போட்டு எழுதினால் ஆக் ஆறு இலக்கத்துக்குச் சுருக்கிவிடும். 12,34,567.89 என்ற மொத்தம் 1.23457 என்றும் பக்கத்தில் ஓர் அடுக்குக்குறியுமாகத் தெரியும், கடைசி இலக்கங்கள் போய்விடும். ‘பிரின்ட்எஃப்’ போட்டு இரண்டு தசம இடம் கேளுங்கள்.

இனி கண்ணுக்குத் தெரிந்தும் கிரெப்புக்குச் சிக்காத பெயர்கள். இதற்கு ஒரே காரணம் இல்லை, உங்கள் கோப்புகளில் மட்டும் மூன்று காரணம் கண்டேன்.

பெரிய காரணம் எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்தை எந்த பைட்டுகளாகச் சேமிப்பது என்ற முறை. கோப்பின் தொடக்கத்தை ‘ஓடி’ (od) என்ற கட்டளையில், எழுத்து வடிவில் காட்டச் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டு பைட்டும் 377 376 என்று வந்தால் அது யுடிஎஃப்-16. அதில் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு சுழி பைட் நிற்கும். எடிட்டர் அதைப் புரிந்துகொண்டு அழகாகக் காட்டிவிடும். கிரெப் பைட்டுகளைப் பார்ப்பதால் எழுத்துக்கு எழுத்து நடுவே சுழி கிடக்கும் அந்தப் பெயரைப் பொருத்த முடியாது. ஐகான்வ் கட்டளையில் யுடிஎஃப்-16 இலிருந்து யுடிஎஃப்-8 க்கு மாற்றுங்கள். மாற்றிய கோப்பின் தலைவரி இன்னமும் யுடிஎஃப்-16 என்றே சொல்லிக்கொண்டிருந்தால் எக்ஸ்எம்எல்லின்ட் உடனே முறையிடும், உள்ளே இருப்பது யுடிஎஃப்-8 ஆயிற்றே என்று. அந்த அறிவிப்பையும் திருத்த வேண்டும். கோப்பில் வேறு பிழை இல்லையென்றால் எக்ஸ்எம்எல்லின்ட்டின் ‘என்கோட்’ ஆப்ஷன் இரண்டு வேலையையும் சேர்த்தே முடிக்கும்.

இரண்டாவது, மாற்றெழுத்து. எக்ஸ்எம்எல்லில் & குறியை அப்படியே எழுதக் கூடாது, அதற்கென்று உள்ள சுருக்கத்தைத்தான் எழுத வேண்டும். ‘அன்ட் சன்ஸ்’, ‘அன்ட் கோ’ என்று முடியும் பார்ட்டிகளில் & போட்டுத் தேடினால் கிடைக்காதது அதனால். இன்னும் சில மென்பொருள்கள் தமிழ் எழுத்தை எண்ணாகவே எழுதிவிடும். ‘மு’ என்பது &#2990;&#3009; என்று கிடக்கும். மரம் தெரிந்த கருவிகள் இதையெல்லாம் தாமே எழுத்தாக மாற்றிக்கொள்ளும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். எக்ஸ்எம்எல்2 வழியாகவோ ஸ்டார்லெட் வழியாகவோ போய்விட்டால் இந்தப் பிரச்சினை பாதி தானே தீர்ந்துவிடும்.

மூன்றாவது தமிழுக்கே உரியது. ‘கொ’ என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. பைட்டில் அவை வேறு வேறு. ஒரு கிளார்க் அடித்த ‘கொங்கு’வும் இன்னொருவர் அடித்த ‘கொங்கு’வும் இரண்டு பார்ட்டிகளாகப் பிரிந்து நிற்பது இப்படித்தான். யூனிகோடைக் கையாளும் ஐசியூ தொகுப்போடு வரும் யூகான்வ் கட்டளையில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். தேடும் சொல்லையும் அதே வடிவில் அடிக்க மறக்க வேண்டாம்.

எக்ஸ்எம்எல்லின்ட் மறுத்த கோப்புக்கு வருகிறேன். நீங்கள் ஒட்டியனுப்பிய பிழைச்செய்தியில் 4 என்ற எண் இருக்கிறது. கோப்பில் தேடினால் &#4; என்று பல இடங்களில் இருக்கும். எக்ஸ்எம்எல் 1.0 இல் 32 க்குக் கீழே 9, 10, 13 என்ற மூன்று குறிகளுக்கு மட்டுமே அனுமதி. நான்காம் எண்ணை இப்படிச் சுற்றி எழுதினாலும் விதிமீறல்தான். கோப்பை உருவாக்கிய மென்பொருள் செய்த தவறு அது, உங்களுடையதல்ல. இங்கே செட் பயன்படுத்தலாம். இது இன்னும் எக்ஸ்எம்எல்லே ஆகவில்லை, வெறும் எழுத்துக்கூட்டம், ஆகவே வரிக்கருவி போதும். எத்தனை இடத்தில் இருந்தது என்று முதலில் எண்ணிக் குறித்துவிட்டு, அந்த நான்கு எழுத்தை மட்டும் நீக்குங்கள். ‘ரிகவர்’ என்ற ஆப்ஷனைத் தொட வேண்டாம். பிழையைத் தாண்டி ஏதோ ஒரு மரத்தைக் கட்டிக் கொடுத்துவிடும், வழியில் எதை விட்டது என்று எண்ணிச் சொல்லாது. கணக்குக் கோப்பில் அந்த மாதிரி உதவி நமக்கு வேண்டாம். அவசரத்தில் இணையத்தில் இருக்கும் எக்ஸ்எம்எல் திருத்தும் தளங்களிலும் ஒட்டிவிடாதீர்கள். அது கிளையன்ட்டின் கணக்கு, உங்கள் அலுவலகத்தை நம்பிக் கொடுத்தது.

வவுச்சருக்கு ஒரு கோப்பு என்று பிரிக்கலாமா? ஆசை புரிகிறது, நானும் ஒரு தடவை பிரித்துப் பார்த்திருக்கிறேன். கிட் போன்ற கருவியில் மாற்றங்களைக் கண்காணிக்க அது அருமையான முறை, எந்த வவுச்சர் எப்போது மாறியது என்று ஒவ்வொன்றாகத் தெரியும். உங்களுக்கு இப்போது வேண்டியது மொத்தம்தான், ஆகவே பிரிக்க வேண்டாம் என்பேன். வழக்கமான லினக்ஸ் கோப்பு முறையில் 700 பைட் வவுச்சரும் 4096 பைட் இடத்தை அடைத்துக்கொள்ளும். நாற்பதாயிரம் வவுச்சர் என்றால் 28 எம்பி சரக்கு 160 எம்பிக்கு மேல் பிடிக்கும். இடத்தைக்கூட விட்டுவிடலாம், பெயர்தான் தொல்லை. 214/24-25 என்ற எண்ணைக் கோப்புப் பெயராக வைக்கவே முடியாது, சாய்கோடு ஃபோல்டருக்கு உரியது. ஜிஎஸ்டி விதிப்படி இன்வாய்ஸ் எண்ணில் சாய்கோட்டுக்கு அனுமதி உண்டு என்பதால் உங்கள் கிளையன்ட்களில் பாதிப்பேர் அதைத்தான் போடுவார்கள். பார்ட்டி பெயரை வைத்தால் இன்னொரு எல்லை: கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட், ‘கி’ போன்ற உயிர்மெய்யும் புள்ளி வைத்த மெய்யும் ஆறு பைட். ஐம்பது எழுத்துப் பெயர் வந்தாலே தட்டிப்போகும் வாய்ப்பு அதிகம்.

பிரிக்க வேண்டியது ஃபோல்டரை. கிளையன்ட், அதற்குள் நிதியாண்டு, அதற்குள் மாதம் என்று வையுங்கள். மாதத்தின் பெயர் 2024-04, 2024-05 என்று எண்ணாகவே இருக்கட்டும், எல்எஸ் போட்டாலே ஏப்ரல் முதல் மார்ச் வரை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் மூன்று தட்டு: வந்தது வந்தபடி இருக்கும் ‘மூலம்’, குறியாக்கம் மாற்றித் துப்புரவு செய்த ‘சீர்’, ஸ்டார்லெட் எடுத்துக் கொடுத்த அட்டவணைகள் இருக்கும் ‘பட்டியல்’. மூலத்தின் எழுதும் உரிமையை சிஹெச்மாட் போட்டு எடுத்துவிடுங்கள், உங்களாலேயே தற்செயலாக மாற்ற முடியாதபடி. மற்ற இரண்டு தட்டும் அழிந்தாலும் கவலை இல்லை, மூலத்திலிருந்து மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். எல்லாக் கோப்பிலும் ஒரே கட்டளையை ஓட்ட, நட்சத்திரக் குறியை நம்பாமல், கோப்புகளைத் தேடும் ஃபைண்ட், அவற்றைக் கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் இரண்டையும் சுழி பைட் பிரிப்போடு இணையுங்கள். கோப்பு எண்ணிக்கை கூடினால் நட்சத்திரம் ‘பட்டியல் நீளம்’ என்று கைவிரிக்கும். கிளையன்ட் அனுப்பும் பெயர்களில் இடைவெளியும் நிறைய இருக்கும்.

ஒன்றை மட்டும் என் அனுபவத்திலிருந்து அழுத்திச் சொல்கிறேன். படிக்கும் கோப்புக்குள்ளேயே வெளியீட்டைத் திருப்பாதீர்கள். ஒரு மார்ச் மாதக் கடைசியில், நள்ளிரவு தாண்டி, ஒரு கோப்பில் இருந்த லெட்ஜர் பெயரை ஸ்டார்லெட்டில் மாற்றி, > குறி போட்டு அதே பெயருக்கு அனுப்பினேன். ஷெல், கட்டளையைத் தொடங்குவதற்கு முன்பே > க்குப் பின்னால் உள்ள கோப்பைக் காலி செய்துவிடும். ஸ்டார்லெட் படிக்கப் போனபோது அங்கே ஒன்றுமில்லை. எல்எஸ் போட்டேன், கோப்பின் அளவு 0. முந்தைய நாள் எடுத்த பேக்கப் இருந்ததால் ஒரு நாள் உழைப்போடு போயிற்று. அன்றிலிருந்து வேறு பெயரில் எழுதுவேன், எக்ஸ்எம்எல்லின்ட்டை ‘நோஅவுட்’ ஆப்ஷனோடு ஓட்டிப் பிழை இல்லை என்று உறுதிசெய்வேன், பிறகுதான் எம்வி போட்டுப் பழைய பெயருக்கு மாற்றுவேன். ஒரே டிஸ்க் பகுதிக்குள் எம்வி செய்யும் பெயர்மாற்றம் ஒரே நொடியில் முழுதாக நடக்கும், பாதி எழுதிய கோப்பு என்ற நிலையே வராது.

டேட்டாபேஸ் எப்போது வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ‘இந்த மூன்று கிளையன்ட்களிடமும் வாங்கிய பார்ட்டிகள் யார்’ என்பது போல அட்டவணைகளைச் சேர்த்துக் கேட்கும் கேள்விகள் வரும்போது, ‘பட்டியல்’ தட்டில் இருப்பதை அப்படியே எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸுக்குள் ஏற்றிக்கொள்ளுங்கள். அதற்குள் அட்டவணை சுத்தமாக இருந்தால் போதும். பைத்தானைப் பொறுத்தவரை, கோப்பு பல நூறு எம்பி ஆகி, மரம் முழுவதையும் நினைவகத்தில் கட்ட முடியாமல் கணினி திணறும் நாளில் கற்றுக்கொள்ளலாம். அதனோடு வரும் எலிமென்ட்ட்ரீ என்ற தொகுப்பில், கிளை கிளையாகப் படித்து, படித்ததை நினைவகத்திலிருந்து விட்டுக்கொண்டே போக வழி உண்டு.

இந்த வாரம் ஒரு கிளையன்ட்டின் ஒரு மாதத்தை மட்டும் எடுத்துச் சோதியுங்கள். ஸ்டார்லெட் கொடுத்த அட்டவணையில், வவுச்சர் எண் வாரியாகத் தொகைகளைக் கூட்டுங்கள். இரட்டைப் பதிவுக் கணக்கு என்பதால் ஒவ்வொரு வவுச்சரும் சுழியாக வேண்டும். மேலே உள்ளதில் -10500, 10000, 500 மூன்றும் சேர்ந்து சுழி. பில்லுக்குள் இருக்கும் தொகையையும் தவறிப்போய் எடுத்திருந்தால் -10500 மிஞ்சி நின்று உங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். தசமக் கூட்டலில் நூலிழை வேறுபாடு வரலாம், ஆகவே அரைப் பைசாவுக்குக் கீழே இருப்பதைச் சுழியாகவே கொள்ளுங்கள். ரசீது, பேமென்ட், ஜர்னல் என்று ஒவ்வொரு வகைக்கும் 1 இலிருந்து எண் தொடங்கும் கிளையன்ட்டாக இருந்தால், எண்ணோடு வவுச்சர் வகையையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வவுச்சர் ஒன்றாகக் கலந்துவிடும். சுழியாகாதவை எத்தனை, எந்த வகை என்று எழுதுங்கள். தொகையும் பெயரும் அனுப்ப வேண்டாம், அந்த வவுச்சரின் டேக் முகவரிகள் மட்டும் போதும், மீதியை அங்கிருந்து பார்க்கலாம்.